வீட்டுப் பறப்பு ஒப்புருவாக்கிகளுக்கான மெய்நிகர் உண்மைக் கருவிகள்

வீட்டுப் பறப்பு ஒப்புருவாக்கி என்பது வானூர்தி ஒன்றை ஓட்டும் செயலைத் தனிநபர் கணினியில் போலச்செய்து காட்டும் மென்பொருளும், அதனுடன் இணைக்கப்படும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் சேர்ந்த அமைப்பு ஆகும். பொதுவழக்கில் இது பிளைட் சிமுலேட்டர் எனப்படுகிறது. இவ்வமைப்பில் மேசைத் திரைக்குப் பதிலாகக் கண்களின் மேல் அணியும் தலைக்காட்சிக் கருவியைப் பயன்படுத்தும்போது, பயனர் விமானியறையின் உள்ளே அமர்ந்திருப்பது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஹெட்செட் என்று கடைகளில் விற்கப்படுவது இக்கருவியே. இக்கட்டுரை அதைத் தெரிவு செய்தல், கணினியுடன் இணைத்தல், உடலுக்கு ஏற்பப் பொருத்துதல் ஆகியவற்றையும், இதனால் கற்கக்கூடியவை, கற்க இயலாதவை ஆகியவற்றையும் விளக்குகிறது. எடுத்துக்காட்டாகப் புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலைக்குச் செய்யும் ஒரு பாவனைப் பறப்பு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

வரலாறு

தரையில் இருந்தபடியே பறப்பைப் பழகும் முயற்சி வானூர்தியின் தொடக்க காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1920களின் இறுதியில் உருவாக்கிய லிங்க் பயிற்சிக் கருவி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெருமளவில் பயன்பட்டது. வீட்டுக் கணினிக்கு இக்கலை வந்தது புரூஸ் ஆர்ட்விக் எழுதிய மென்பொருள் மூலம். அது 1980 அளவில் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்தது. 1982 இல் அதன் வழிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் ஐபிஎம் கணினிக்கு வெளியானது.

தலையில் அணியும் திரையின் வரலாறு தனியானது. ஐவன் சதர்லாந்து 1968 இல் செய்து காட்டிய கருவி கூரையிலிருந்து தொங்கவிடப்பட வேண்டிய அளவுக்குக் கனமாக இருந்தது. 1980களில் அமெரிக்க வான்படைக்காகத் தாமஸ் பர்னஸ் வழிநடத்திய ஆய்வுகள் இதை விமானியறையுடன் இணைத்தன. ஆயினும் பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் பயனுள்ள கருவி கிடைக்க 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகியன விற்பனைக்கு வந்தன. பறப்பு மென்பொருள்களில் எக்ஸ்-பிளேன் 11 இதற்கான ஆதரவை 2018 இலும், 2020 ஆகஸ்ட்டில் வெளியான மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர் அவ்வாண்டு டிசம்பரிலும் அளித்தன.

மேசைத் திரையிலிருந்து உள்ள வேறுபாடு

தலைக்காட்சிக் கருவியின் சிறப்பு முப்பரிமாணத் தோற்றமே எனப் பலர் கருதுவர். இது பாதி உண்மையே. இரு கண்களின் காட்சி வேறுபாட்டால் ஆழத்தை உணர்வது அண்மைப் பொருள்களுக்கே நன்கு பயன்படுகிறது. கைக்கெட்டும் தொலைவிலுள்ள அளவுமானிகளும் நெம்புகளும் உண்மையான பொருள்கள் போலத் தோன்றுவது இதனால்தான். பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையைப் பொறுத்தவரை இரு கண்களுக்கும் கிடைக்கும் படம் ஏறத்தாழ ஒன்றே.

தொலைவுக் காட்சிக்கு உதவுவது வேறொன்று. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. முன்னே சாய்ந்தால் அளவுமானி பெரிதாகிறது. பக்கவாட்டில் சாய்ந்தால் சன்னல் சட்டம் மறைத்திருந்த நிலம் வெளிப்படுகிறது. மேசைத் திரையில் இவற்றைப் பொத்தான்களை அழுத்தியே செய்ய வேண்டும். ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும்போது விமானி தோளுக்குப் பின்னால் பார்த்துத் திரும்பவேண்டிய இடத்தை முடிவு செய்கிறார். இப்பழக்கத்தை மேசைத் திரையில் பெறுவது கடினம்.

இதற்கு ஈடாக இழப்பதும் உண்டு. காட்சித் தெளிவு குறைகிறது. பயனர் தன் கைகளையும், விசைப்பலகையையும், குறிப்பேட்டையும் காண இயலாது.

கருவிகளைத் தெரிவு செய்தல்

தெளிவை அளக்கப் பயன்படும் சிறந்த அளவு, பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதாகும். நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 60 புள்ளிகளைப் பிரித்தறிய வல்லது. 2023 இல் வெளியான மெட்டா குவெஸ்ட் 3 ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள் கொண்டது. இது பாகைக்கு ஏறத்தாழ 25 புள்ளிகளையே தருகிறது. 2016 ஆம் ஆண்டின் ரிஃப்ட் கருவியில் ஒரு கண்ணுக்கு 1080 × 1200 புள்ளிகளே இருந்தன. அதில் வேகமானியின் எண்களை வாசிப்பதே அரிதாயிருந்தது. பிமாக்ஸ் கிரிஸ்டல் போன்ற விலையுயர்ந்த கருவிகள் 2880 × 2880 புள்ளிகள் வரை செல்கின்றன.

இணைப்பு முறையிலும் இரு வகைகள் உள்ளன. சில கருவிகள் வரைகலை அட்டையின் டிஸ்பிளேபோர்ட் வாயிலில் நேரடியாக இணைகின்றன. குவெஸ்ட் வகைக் கருவிகளோ படத்தைச் சுருக்கி யூஎஸ்பி கம்பி வழியாகவோ கம்பியில்லா வலையமைப்பு வழியாகவோ பெறுகின்றன. சுருக்கத்தால் தொலைவிலுள்ள மரங்களும் வயல்களும் சிறிது கலங்கித் தெரியும். கம்பியில்லா முறையில் கணினியைத் திசைவியுடன் ஈதர்நெட் கம்பியால் இணைத்து, திசைவியை அதே அறையில் வைப்பது நல்லது.

வாங்குமுன் மென்பொருள் ஆதரவு எத்தனை காலம் தொடரும் என்று பார்ப்பது புள்ளிகளை எண்ணுவதைவிட முக்கியமானது. 2020 இல் வெளியான எச்பி ரிவெர்ப் ஜி2, பறப்பு ஆர்வலர்களால் பெரிதும் விரும்பப்பட்ட கருவி. அது மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி தளத்தை நம்பியிருந்தது. அத்தளம் கைவிடப்படும் என 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு, 2024 இல் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பில் நீக்கப்பட்டது. கருவி பழுதடையாத நிலையிலேயே அதன் உரிமையாளர்கள் தயாரிப்பாளரின் ஆதரவை இழந்தனர். பயன்படுத்திய கருவிகளை மலிவாக வாங்க எண்ணும் மாணவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

கட்டுப்பாட்டுக் கருவிகளில் பிடிகோல் அல்லது யோக் எனப்படும் கைச்சக்கரம், திராட்டில் நெம்பு, சுக்கான் மிதிகள் ஆகியன அடங்கும். கண்கள் மூடப்பட்டிருப்பதால் பொத்தான்கள் தடவியறியக்கூடியவையாக இருத்தல் வேண்டும். அழகிய ஆனால் ஒரே வடிவான பொத்தான்கள் நிறைந்த பலகை இங்குப் பயன்படாது. பிடிகோலிலேயே ஏழெட்டுப் பொத்தான்கள் இருந்தால் பெரும்பாலும் போதுமானது. அவற்றுள் ஒன்றைக் காட்சியை மீண்டும் நடுநிலைப்படுத்தும் பணிக்கு ஒதுக்கவேண்டும். அடிக்கடி தேவைப்படுவது அதுவே.

கணினியும் படச்சட்ட நேரமும்

குவெஸ்ட் 3 இன் இரு திரைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 91 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 1920 × 1080 அளவுள்ள சாதாரண மேசைத் திரையில் ஏறத்தாழ 21 இலட்சம் புள்ளிகளே உள்ளன. ஆகவே வரைகலை அட்டையின் சுமை நான்கு மடங்குக்கும் மேலாகிறது. வில்லைகளின் வளைவைச் சரிசெய்ய, திரையின் அளவைவிடப் பெரிய படம் முதலில் வரையப்படுவதால் உண்மைச் சுமை இன்னும் கூடுதலாகும்.

இச்சுமையை முடிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. வினாடிக்கு 90 படச்சட்டங்கள் எனில் ஒவ்வொன்றுக்கும் 11.1 மில்லிவினாடி, 72 எனில் 13.9 மில்லிவினாடி. மேசைத் திரையில் படம் சற்றுத் தாமதித்தால் கண் பொறுத்துக்கொள்ளும். தலையில் அணிந்த திரையில் தாமதம் ஏற்பட்டால், தலை திரும்பிய பின்னும் உலகம் திரும்பாமல் நிற்பது போலாகி, குமட்டல் உண்டாகிறது. இதனால் பறப்பு மென்பொருள்களில் பலர் இடைப்பட்ட வழியொன்றைக் கையாளுகின்றனர். கணினி வினாடிக்கு 45 அல்லது 36 படங்களை மட்டும் வரைகிறது. இடையிலுள்ள படங்களைத் தலையின் அசைவைக் கொண்டு மென்பொருளே ஊகித்து நிரப்புகிறது. வானூர்தி மெதுவாகவே காட்சியை மாற்றுவதால் இம்முறை இங்கு ஓரளவு நன்றாகவே செயல்படுகிறது. சுழலும் விசிறித் தகடுகளின் ஓரத்தில் மட்டும் நெளிவு தெரியும்.

அமைப்புகளைத் திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, ஒரே இடத்தில், ஒரே வானிலையில் சோதித்தல் வேண்டும். முகில்களின் தரம், நிலக்காட்சியின் விவரத் தொலைவு, நிழல்கள் ஆகியவற்றை முதலில் குறைக்கலாம். படப்புள்ளி எண்ணிக்கையைக் கடைசியாகவே குறைக்கவேண்டும். அது குறைந்தால் அளவுமானிகள் வாசிக்க இயலாமல் போகும். வாசிக்க இயலாத விமானியறையில் முகில்கள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

மென்பொருள் இணைப்புக்கு ஓபன்எக்ஸ்ஆர் என்னும் பொதுச் செந்தரம் உதவுகிறது. இதன் முதற்பதிப்பைக் குரோனோஸ் குழுமம் 2019 இல் வெளியிட்டது. ஒரு கணினியில் மெட்டா, ஸ்டீம்விஆர் என ஒன்றுக்கு மேற்பட்ட இயக்கச் சூழல்கள் நிறுவப்பட்டிருந்தால், அவற்றுள் எது இயங்கவேண்டும் என்பதைத் தெளிவாகத் தெரிவு செய்திருக்க வேண்டும். கருவி இணைந்திருந்தும் காட்சி வராமல் போவதற்கு இதில் நேரும் குழப்பம் ஒரு பொதுவான காரணம்.

உடலுக்கு ஏற்பப் பொருத்துதல்

இரு கண்மணிகளுக்கு இடையேயான தூரம் வளர்ந்தோருக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் ஆகும். வில்லைகளின் இடைவெளி இதனுடன் பொருந்தாவிடில் படம் மங்குவதோடு தலைவலியும் வரும். கண்ணாடி விற்கும் கடையில் இத்தூரத்தை அளந்து பெறலாம். வீட்டிலும் கண்ணாடி முன் நின்று அளவுகோலால் அளக்கலாம். மூக்குக்கண்ணாடி அணிவோர் இடைவெளிச் சட்டத்தைப் பொருத்தவேண்டும். அன்றேல் கண்ணாடி உரசி, கருவியின் வில்லையில் அழியாத கீறல் விழும்.

இக்கருவிகளின் வில்லைகள் சன்னல் வழி வரும் வெயிலைத் திரையின் மேல் குவித்து அதை எரித்துவிட வல்லவை. திருவண்ணாமலை போன்று வெயில் கடுமையான ஊர்களில் சன்னலோர மேசையில் வில்லைகள் வெளியே தெரியும்படி கருவியை வைப்பது பேரிழப்பில் முடியும். பயன்படுத்தாதபோது துணியால் மூடி வைத்தல் வேண்டும். கோடையில் வியர்வையால் வில்லைகள் பனிப்பதைத் தவிர்க்க, பஞ்சுத் திண்டின் மேல் துடைக்கக்கூடிய உறை இடுவர். முன்னிருந்து வீசும் சிறிய மேசை விசிறி இரட்டைப் பயன் தரும்: வியர்வையைக் குறைக்கிறது, அறையில் தாம் எத்திசையை நோக்கி அமர்ந்திருக்கிறோம் என்பதைத் தோலின் வழியே உணர்த்திக் குமட்டலையும் ஓரளவு தணிக்கிறது.

இருக்கை சக்கரமில்லாததாக இருப்பது நன்று. மொசைக், பளிங்கு ஓடு பதித்த தரைகளில் சுக்கான் மிதிகள் உதைக்கும்போது வழுக்கி நகரும். அடியில் இரப்பர் விரிப்பு இட்டு, நாற்காலியின் முன்கால்களுடன் பட்டையால் கட்டினால் இச்சிக்கல் தீரும். மின்தடை உள்ள ஊர்களில் கணினிக்குத் தடையில்லா மின்வழங்கி தேவை.

எடுத்துக்காட்டு: புதுச்சேரி – திருவண்ணாமலை

திருவண்ணாமலையில் வானூர்தி நிலையம் இல்லை. அதற்கு அண்மையிலுள்ள புதுச்சேரி வானூர்தி நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் கிழக்கே அமைந்துள்ளது. செஸ்னா 172 போன்ற சிறு வானூர்தியில் ஏறத்தாழ 25 நிமிடப் பயணம். முதன்முதலாகத் தலைக்காட்சிக் கருவியை அணிவோருக்கு இவ்வழி பல வகையில் ஏற்றது: சமவெளி, நேரான பாதை, தவறவிட முடியாத ஓர் அடையாளம். மாலையில் மேற்கே பறந்தால் கதிரவன் கண்ணெதிரே நிற்கும். ஆகவே மென்பொருளில் காலை நேரத்தைத் தெரிவு செய்யலாம்.

புறப்பட்டு மேற்கு-வடமேற்காகத் திரும்பினால் இடப்புறம் விழுப்புரமும், சிறிது நேரத்தில் வலப்புறம் செஞ்சிக் குன்றுகளும் வரும். செஞ்சியைக் கடக்கும்போது அண்ணாமலை இன்னும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 814 மீட்டர் உயரமுள்ள இம்மலை, சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 600 மீட்டருக்கு மேல் தனித்து எழுகிறது. பாகைக்கு 25 புள்ளிகள் உள்ள திரையில் அத்தொலைவில் மலையின் உயரம் ஏறத்தாழ 20 படப்புள்ளிகளே. எனினும் அடிவானில் அது தெளிவாகத் தெரியும்.

அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரத்தின் நிலை வேறு. அது 11 நிலைகளுடன் 217 அடி, அதாவது ஏறத்தாழ 66 மீட்டர் உயரமானது. 10 கிலோமீட்டர் தொலைவில் அது அதே திரையில் 9 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். 11 நிலைகளுக்கு 9 புள்ளிகள். நிலைகளை எண்ணத்தக்க அளவுக்கு, அதாவது நிலைக்கு மூன்று புள்ளிகளுக்கு மேல் கிடைக்க, 2.5 கிலோமீட்டர் வரை நெருங்க வேண்டும். உண்மையில் பறக்கும் விமானியின் கண்ணுக்கு இவ்வளவு நெருங்கத் தேவையில்லை. தலைக்காட்சிக் கருவியில் தொலைவிலுள்ள பிற வானூர்திகளையும் ஓடுபாதையையும் பிந்தியே காண நேர்வது இக்கணக்கினாலேயே ஆகும். கோபுரம் மென்பொருளில் கோபுரமாகவே தோன்றுமா என்பது வேறு கேள்வி. தனியே வடிவமைக்கப்படாத கட்டடங்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து தானியங்கியாக எழுப்பப்படுவதால் சாதாரண அடுக்குமாடி போலத் தோன்றுவது வழக்கம். மலைகள் அவ்வாறன்றி நில உயரத் தரவுகளிலிருந்து பெறப்படுகின்றன. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடாரால் அளந்த தரவுகள் பல பறப்பு மென்பொருள்களுக்கு அடிப்படையாக அமைந்தன. ஆகவே ஊரின் கட்டடங்கள் பொய்த்தாலும் மலையின் வடிவம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

ஊரை அடைந்தபின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பின்பற்றி மலையைச் சுற்றுவது நல்ல பயிற்சி. பாதையை வட்டமாகக் கொண்டால் அதன் ஆரம் ஏறத்தாழ 2.2 கிலோமீட்டர். 90 நாட் வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடம் ஆகும். தேவைப்படும் சாய்வு ஏறத்தாழ 6 பாகை மட்டுமே. கடினம் வேறிடத்தில் உள்ளது. மரபுப்படி மலையை வலப்புறம் வைத்துச் சுற்றவேண்டும். ஆனால் செஸ்னாவில் விமானி அமர்வது இடப்புறம். மலையைக் காண அவர் வலப்புற இருக்கையைத் தாண்டி, அப்பக்கச் சன்னலின் வழியே பார்க்க நேரிடும். மேசைத் திரையில் இது எரிச்சலூட்டும் பணி. தலைக்காட்சிக் கருவியிலோ சற்று எட்டிப் பார்த்து, மீண்டும் முன்னே நோக்கி, உயரமானியைச் சரிபார்த்துத் தொடரலாம். பார்வையை இவ்வாறு வெளிக்கும் உள்ளுக்குமாக மாற்றி மாற்றிச் செலுத்துவதே கண்பார்வைப் பறப்பின் அடிப்படைத் திறன்.

உயரத்தைப் பொறுத்தவரை, மக்கள் நெருக்கமான இடங்களின் மேல் 600 மீட்டர் சுற்றளவுக்குள் உள்ள மிக உயர்ந்த தடையிலிருந்து குறைந்தது 1,000 அடி மேலே பறக்கவேண்டும் என்பது பன்னாட்டு விதி. மலையுச்சி ஏறத்தாழ 2,670 அடி ஆதலால், முழுச் சுற்றிலும் 3,700 அடியைக் கடைப்பிடிப்பது எளிதும் பாதுகாப்பும் ஆகும். மென்பொருள் கோபுரத்தை உரசிப் பறக்கவும் இடம் தரும். தவறான பழக்கங்கள் தொடங்குவது அங்கேதான்.

குமட்டலும் பாதுகாப்பும்

கண் அசைவைக் காண, உட்செவியின் சமநிலை உறுப்பு அசைவை உணராதபோது குமட்டல், வியர்வை, தலைச்சுற்றல் ஆகியன தோன்றுகின்றன. இது புதிய கருவிகளால் வந்த நோயன்று. 1950களிலேயே உலங்கு வானூர்திப் பயிற்சிக் கருவியைப் பயன்படுத்திய அமெரிக்க விமானிகளிடம் இது பதிவு செய்யப்பட்டது.

முதல் வாரத்தில் ஒரு அமர்வை 10 முதல் 15 நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ளலாம். நேரான பறப்பில் தொடங்கி, மென்மையான திருப்பங்களுக்குச் செல்லவேண்டும். தரையில் ஊர்ந்து செல்வதும் தரையிறங்குவதும் தொடக்கநிலையினருக்கு வானில் இருப்பதைவிடக் கூடுதல் தொல்லை தருவன. முதல் அறிகுறியிலேயே நிறுத்துவது இன்றியமையாதது. பொறுத்துக்கொண்டு தொடர்ந்தால் பழகிவிடும் என்ற எண்ணம் தவறு. அவ்வாறு தொடர்வோரின் உடல் கருவியைக் கண்டாலே குமட்டப் பழகிவிடுகிறது. அமர்வு முடிந்த உடனே இருசக்கர வண்டி ஓட்டலாகாது. சமநிலை உணர்வு திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். குவெஸ்ட் கருவிகளுக்கு மெட்டா விதித்துள்ள குறைந்தபட்ச வயது 10. 13 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கையே பயன்படுத்த இயலும்.

விமானிப் பயிற்சியில் இதன் இடம்

வீட்டில் இக்கருவியுடன் பறக்கும் மணிநேரம் எதுவும் இந்தியாவில் விமானி உரிமத்துக்குக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரப் பறப்பு அனுபவம் தேவை. ஒப்புருவாக்கியில் பெறும் பயிற்சி கணக்கில் சேரவேண்டுமெனில் அச்சாதனம் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். வீட்டுக் கணினியில் பழகியவர்களை விமானியாகவே அழைப்பது போல விளம்பரம் செய்வோரிடம் மாணவர்களும் பெற்றோரும் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

தொழில்முறைப் பயிற்சியிலும் இத்தொழினுட்பம் நுழைந்துள்ளது. அமெரிக்க வான்படை 2018 இல் டெக்சாசின் ஆஸ்டின் நகரில் தொடங்கிய சோதனைத் திட்டத்தில், கடைகளில் கிடைக்கும் தலைக்காட்சிக் கருவிகளையே பயன்படுத்தியது. 2021 இல் ஐரோப்பிய வான்போக்குவரத்துப் பாதுகாப்பு முகமை, சுவிட்சர்லாந்தில் உருவான ராபின்சன் ஆர்22 உலங்கு வானூர்திப் பயிற்சிச் சாதனத்துக்குத் தகுதிச் சான்று வழங்கியது. மெய்நிகர் உண்மையில் இயங்கும் பயிற்சிச் சாதனம் ஒன்று அம்முகமையின் சான்றைப் பெற்றது அதுவே முதல்முறை. ஆனால் அச்சாதனத்தில் தலைக்காட்சிக் கருவியுடன் அசையும் மேடையும், உண்மையான அளவில் செய்யப்பட்ட கட்டுப்பாடுகளும், பயனரின் கைகளைக் காட்சிக்குள் கொண்டுவரும் முறையும் இருந்தன. வீட்டு அமைப்புகளில் பெரும்பாலும் இல்லாதவை இம்மூன்றும்.

வீட்டில் பெறக்கூடியவை சில உள்ளன: சரிபார்ப்புப் பட்டியலை ஒழுங்காகப் பின்பற்றுதல், நிலக்குறிகளைக் கொண்டு வழியறிதல், இறங்குசுற்றின் வடிவத்தை மனத்தில் பதித்தல். கட்டுப்பாடுகளின் எதிர்விசை, வேகம் குன்றும்போது எழும் அதிர்வு, காற்றின் அலைப்பு ஆகியவற்றை வீட்டில் கற்க இயலாது. அளவுமானிகளையே நோக்கிப் பறக்கப் பழகிய மாணவர்களுக்கு, வெளியே பார்க்கக் கற்பிப்பதிலேயே முதற்சில பாடங்கள் செலவாகும். அவ்விடத்தில் மேசைத் திரையைவிடத் தலைக்காட்சிக் கருவியில் பழகியவர் குறைவாகத் திருத்தப்பட வாய்ப்புண்டு. செலவு செய்யத் தயங்குவோர், கட்டற்ற மென்பொருளான பிளைட்கியரைச் சாதாரணத் திரையிலும் மலிவான பிடிகோலிலும் சில மாதம் பழகியபின் தலைக்காட்சிக் கருவியைப் பற்றி முடிவு செய்யலாம்.